அரன்கலுஷ்கா: ஹங்கேரியக் காபி கேக்கில் தூள் தூளாகவே நிற்க என்ன செய்தேன்

ஹங்கேரியன் காபி கேக் என்று தேடினால் வரும் படங்களில் முக்காலே மூணு வீசம் கேரமல் வழிகிற, பளபளவென்று கையில் ஒட்டுகிற ஒரு பண்டம்தான் இருக்கும். புடாபெஸ்டில் வீடுகளில் சாப்பிடுவது அது இல்லை. இங்கே அதற்குப் பெயர் அரன்கலுஷ்கா. ஈஸ்ட் போட்டுப் பொங்கிய இனிப்பு மாவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, உருக்கிய வெண்ணெயில் முக்கி, அரைத்த வால்நட்டும் சர்க்கரையும் கலந்த தூளில் புரட்டி, டின்னில் அடுக்கடுக்காகப் போட்டுச் சுடுவார்கள். வெந்த பிறகு கத்தி கிடையாது, கையாலோ கரண்டியாலோ பிய்த்துத் தட்டில் வைத்து மேலே சூடான வெனிலா சாஸ் ஊற்றிக் கொடுப்பார்கள். மேலே மட்டும் இல்லை, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவிலும் அந்தத் தூள் இருக்கும், பிய்க்கும்போது உதிரும், உதிர வேண்டும். அது பாகாகி இறுகிவிட்டால் நல்ல இனிப்புதான், ஆனால் அரன்கலுஷ்கா இல்லை. அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அந்தத் தூளைப் பற்றித்தான் இருக்கும்.

பெயரில் காபி இருக்கிறதே என்று காபித்தூளை எடுத்து வைக்க வேண்டாம், உள்ளே ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. ஹங்கேரியிலிருந்து குடியேறிய யூதர்கள் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். காபியோடு சாப்பிடும் கேக் வகையில் அங்கே இது சேர்ந்துகொண்டது, 1970களில் சமையல் புத்தகங்களில் 'ஹங்கேரியன் காபி கேக்' என்றே அச்சானது. அப்புறம் மங்கி பிரெட் என்ற பெயரில் பழுப்புச் சர்க்கரையும் பட்டைத்தூளுமாக உருமாறி, 1980களில் அமெரிக்க அதிபரின் மனைவி நான்சி ரீகன் வெள்ளை மாளிகையில் கிறிஸ்துமஸுக்குப் பரிமாறும் அளவுக்குப் போய்விட்டது. ஹங்கேரியில் இதைக் காபியோடு யாரும் கொறிப்பதில்லை, சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். முதலில் கெட்டியான பீன்ஸ் சூப் அல்லது குலாஷ் சூப், அடுத்து இது, அவ்வளவுதான் மதிய உணவு. பள்ளிக்கூடக் கேன்டீன்களில் வெனிலா சாஸோடு போடுவார்கள், அதனால் இங்கே யாரிடம் பேச்சை எடுத்தாலும் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்று வரும். சூப்புக்கு அப்புறம் இனிப்பையே முக்கிய உணவாகச் சாப்பிடுவது நமக்குக் கொஞ்சம் வினோதம்தான். சாப்பிட்டுப் பார்த்தால் மாலை வரை பசிக்காது.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சமையல் குறிப்புகளில் கிராம் அவ்வளவாக வராது, டெகாதான். ஒரு டெகா என்பது 10 கிராம். கடையில் சீஸ் வாங்கினாலும் '20 டெகா கொடுங்கள்' என்றுதான் கேட்பார்கள். பிசைவதற்கு 50 டெகா மாவு, 250 மில்லி பால், இரண்டரை டெகா பச்சை ஈஸ்ட், 6 டெகா சர்க்கரை, 3 மஞ்சள் கரு, 8 டெகா வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சையின் தோல் துருவல். முக்கிப் புரட்டுவதற்கு 12 டெகா வெண்ணெய், 20 டெகா வால்நட், 12 டெகா சர்க்கரை, இதோடு 5 டெகா உலர்ந்த ஸ்பாஞ்ச் கேக் தூள். இந்தக் கடைசிப் பொருள் எல்லார் வீட்டிலும் இருக்காது, வால்நட்டும் சர்க்கரையும் போதும் என்பவர்கள்தான் அதிகம். நான் கேக் தூளின் பக்கம், காரணம் கீழே.

மாவு பி.எல். 55 என்று அட்டையில் போட்ட சாதாரண வெள்ளைக் கோதுமை மாவு. அந்த 55 என்ன என்று முதலில் புரியவில்லை. மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பல் 0.55 சதவீதம் என்பதைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். ஈஸ்ட் இங்கே ஃபிரிட்ஜ் பகுதியில் 50 கிராம் கட்டியாகக் காகிதத்தில் சுற்றி விற்கும், அதில் பாதி இந்த அளவுக்குச் சரி. கட்டி விரலில் நொறுங்க வேண்டும், பிசுபிசுவென்று பழுப்பாக இருந்தால் வேறு வாங்குங்கள்.

வால்நட்டை சூப்பர்மார்க்கெட் பாக்கெட்டில் வாங்காமல் லேஹெல் சந்தையில் வாங்கினேன். 2002இல் திறந்த அந்தக் கட்டடம் கப்பல் மாதிரி, கண்ணைப் பறிக்கிற வண்ணங்களில் இருக்கும். நகரத்துக்காரர்களில் பாதிப் பேர் அதைத் திட்டுவார்கள், எனக்கு என்னவோ பிடிக்கும். ஃபோவாம் சதுக்கத்துப் பெரிய சந்தை 1897இல் கட்டியது, அழகுதான், ஆனால் சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவில் நின்று நாலு வால்நட்டை நிதானமாகக் கடித்துப் பார்க்க முடியாது. கடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வால்நட்டில் ஏறத்தாழ 65 சதவீதம் எண்ணெய், அதுவும் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கிற வகை. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் புதுசு வரும், அப்போது தோலில் லேசான துவர்ப்பு மட்டும் இருக்கும். அடுத்த கோடை வரை கிடந்தது என்றால் பெயின்ட் வாசம் அடிக்கும், எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அது மறையாது. விற்கிற அம்மா மிலோத்தா பக்கத்து ரகம் என்று பெருமையாகச் சொன்னார். வடகிழக்கே தீசா ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது, 'மிலோத்தாய் 10' என்று அதன் பெயரிலேயே ஒரு வால்நட் ரகம் இருக்கிறது.

அடுத்து அரைப்பது. இதற்கென்றே இங்கே வீட்டுக்கு வீடு ஒரு கருவி இருக்கிறது. மேசை விளிம்பில் திருகி மாட்டி, மேலே பருப்பைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே சுழலும் உருளை அதைச் சீவிக் கீழே தள்ளும். என்னிடம் இல்லை, மேல் மாடி நேனியிடம் இரவல் வாங்கினேன். வயதான பெண்களை இங்கே பெயரோடு நேனி சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், வெறும் பெயர் சொன்னால் மரியாதைக் குறைவு. வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் மிக்ஸியிலும் அடித்தேன். மிக்ஸி பிளேடு பருப்பை அடித்து நசுக்குகிறது, சூடும் ஏறுகிறது, எண்ணெய் வெளியே வந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டு விழுதாக ஆரம்பிக்கிறது. கைக்கருவி சீவுகிறது, அவ்வளவுதான். எண்ணெய் உள்ளேயே நிற்கிறது, வந்து விழுவது புட்டு மாவு போல உதிரியாக, காற்றோட்டமாக இருக்கிறது. அதே 20 டெகா பருப்பு, ஆனால் கிண்ணத்தில் பார்த்தால் கைக்கருவியில் அரைத்தது ஏறக்குறைய இரண்டு பங்கு உயரம். மிக்ஸிதான் இருக்கிறது என்றால் வழி இருக்கிறது: பருப்பை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, பாதிச் சர்க்கரையையும் கேக் தூளையும் அதோடு சேர்த்துப் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஒரு நொடி ஒரு நொடியாக ஓட்டுங்கள். வெளியே வரும் எண்ணெயைச் சர்க்கரையும் தூளும் இழுத்துக்கொள்ளும்.

மாவு வேலையில் பெரிய ரகசியம் இல்லை. பாலைக் கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 30லிருந்து 35 டிகிரிக்குள் காய்ச்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஈஸ்ட்டை நொறுக்கிப் போட்டால் பத்து நிமிடத்தில் நுரை தள்ளும். 55 டிகிரிக்கு மேல் போனால் ஈஸ்ட் செத்துவிடும், கொதித்த பாலை ஆறவிடாமல் ஊற்றுவதுதான் வழக்கமான விபத்து. மாவு, மீதிச் சர்க்கரை, உப்பு, மஞ்சள் கரு, எலுமிச்சைத் தோல் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, ஒன்றாகத் திரண்ட பிறகு வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வெண்ணெயை முதலிலேயே போட்டால் அது மாவைப் பூசிக்கொண்டு பசைத்தன்மை உருவாக விடாது, பிசைகிற நேரம் இரட்டிப்பாகும். இங்கத்திய குறிப்புகளில் 'கொப்புளம் வரும்வரை' என்று எழுதியிருக்கும். மரக்கரண்டியால் அடித்துக்கொண்டே இருந்தால் மேற்பரப்பில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் தெரியும், மாவு கிண்ணத்தை விட்டுத் தானாக விலகும், அதுதான் பதம். கையில் பதினைந்து நிமிடமாவது ஆகும். கொஞ்சம் ஒட்டினாலும் மேலும் மாவு தூவாதீர்கள், இளக்கமாக இருந்தால்தான் வெந்த பிறகு பஞ்சாக இருக்கும்.

மூடி வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன், கருவியைத் திரும்பக் கேட்க வந்த நேனி முதலில் செய்த காரியம் அதைச் சாத்தியது. ஈஸ்ட் மாவுக்குக் குறுக்குக் காற்று ஆகாது என்பது இந்த ஊரில் யாராலும் அசைக்க முடியாத நம்பிக்கை, மாவு பொங்கும்போது சமையலறைக் கதவைத் திறந்து திறந்து மூடினாலே அதட்டுவார்கள். அதில் விஷயம் இல்லாமல் இல்லை. குளிர்காலத்தில் வெளியே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது ஒரு நிமிடக் காற்று போதும், மேல்தோல் காய்ந்து மாவு குளிர்ந்துவிடும். ரேடியேட்டர் பக்கத்தில் ஈரத்துணி மூடி வைத்ததில் ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பானது.

பொங்கிய மாவைக் கல்லில் கொட்டி, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குக் கையாலேயே தட்டி, மூன்று சென்டிமீட்டர் வட்ட அச்சால் வெட்ட வேண்டும். இங்கே பொகாச்சா என்ற உப்பு பிஸ்கட் வெட்டுகிற அச்சு அது, சின்ன மூடி ஏதாவது இருந்தாலும் போதும். உருட்டி உருட்டிப் பந்தாக்க வேண்டியதில்லை. மிஞ்சும் முனைகளைப் பிசைந்து மறுபடி தட்டாமல் அப்படியே முக்கிப் போட்டுவிடலாம், உள்ளே போனால் யாருக்கும் தெரியாது.

இனி தூள் விஷயம். ஒரே டின்னில் பாதிக்குப் பொடித்த சர்க்கரை கலந்த தூள், பாதிக்குச் சாதாரணப் பரல் சர்க்கரை கலந்த தூள் என்று பிரித்துச் சுட்டுப் பார்த்தேன். சர்க்கரை கொழுப்பில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். டின்னுக்குள் தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது: மாவிலிருந்து எழும் ஆவி, அப்புறம் வெண்ணெயில் இருக்கும் தண்ணீர். 82 சதவீதக் கொழுப்பு என்று அட்டையில் போட்ட வெண்ணெயில் மீதியில் பெரும்பங்கு தண்ணீர்தான். பொடித்த சர்க்கரை அந்த ஈரத்தில் உடனே கரைந்து, துண்டுகளைச் சுற்றி ஒரு பசைப் பூச்சாக நின்றது, பிய்த்தால் இழுபட்டது. பரல் சர்க்கரை பக்கம் பரல்கள் பாதி கரைந்து பாதி நின்றன, பல்லில் லேசாக நறநறத்தன, வால்நட்டோடு உதிர்ந்தன. எனக்கு வேண்டியது அதுதான். பழுப்புச் சர்க்கரை என்றால் இன்னும் மோசம், அதில் இருக்கும் மொலாஸஸ் ஈரத்தை விடவே விடாது. அமெரிக்க வகை ஒட்டுவதற்கும் அதுதான் காரணம்.

கேக் தூளின் வேலையும் இங்கேதான். வெண்ணெயில் முக்கிய துண்டைத் தூளில் புரட்டும்போது சொட்டும் வெண்ணெயை அது உறிஞ்சிக்கொள்கிறது, வால்நட்டும் சர்க்கரையும் கட்டியாகாமல் இடையில் நிற்கிறது. பழைய ஸ்பாஞ்ச் கேக் இல்லையென்றால் இனிப்பு அதிகமில்லாத ரஸ்க்கைப் பொடித்துப் போடுங்கள். நேனிக்கு இது சம்மதமில்லை. "வால்நட் வாங்கக் காசில்லாதவர்கள் செய்கிற வேலை" என்று முகத்துக்கு நேரே சொன்னார். இருக்கட்டும், சாப்பிடும்போது இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

இன்னொரு சின்ன வேலை: வெண்ணெயை உருக்கி ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் வெள்ளையாகத் தண்ணீரும் பால் கசடும் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் முக்குவதற்கு எடுத்துக்கொண்டால் ஈரம் பாதி குறைந்துவிடும். நம் ஆட்களுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை, நெய்யை எடுத்து உருக்கினால் முடிந்தது. ஆனால் முழுக்க நெய் போட்டால் அதன் வாசனைதான் முன்னால் நிற்கும், வால்நட் பின்னால் போய்விடும். பாதிப் பாதி நல்லது. உருக்கியது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சூடாக ஊற்றினால் மேலோட்டத்தில் ஈஸ்ட் அடிபடும், தூளும் நனைந்து குழம்பாகும். இடது கையால் வெண்ணெயில் முக்கி, வலது கையால் தூளில் புரட்டினால் தூள் கிண்ணம் கடைசி வரை காய்ந்தே இருக்கும்.

24 சென்டிமீட்டர் டின்னில் அடுக்கும்போது இடித்து நெருக்காமல், துண்டுக்குத் துண்டு விரல் அகலம் விட்டு வைத்தேன். ஒரு அடுக்கு முடிந்ததும் மிஞ்சின தூளில் ஒரு கைப்பிடி தூவல், அதன் மேல் அடுத்த அடுக்கு துண்டுகள் இடைவெளிக்கு மேலே வரும்படி. அடுக்குகளுக்கு நடுவில் ஆப்ரிகாட் பழ ஜாம் தடவுகிற வீடுகள் நிறைய உண்டு. புளிப்பு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தூள் நனையும், நான் தொடவில்லை. கழற்றும் டின் என்றால் அடியில் ஒரு தட்டு வையுங்கள், வெண்ணெய் கசிந்து ஓவன் தரையில் சொட்டினால் வீடே புகை. நடுவில் குழாய் உள்ள குக்லோஃப் டின் இருந்தால் அதுதான் உத்தமம், நடுப்பகுதி சீக்கிரம் வேகும். அடுக்கின பிறகு இன்னொரு அரை மணி நேரம் பொங்க விட வேண்டும்.

ஓவன் 180 டிகிரி, 35லிருந்து 40 நிமிடம். எழுத எளிது. நான் இருக்கும் வாடகை வீட்டில் பழைய கேஸ் ஓவன், திருகில் டிகிரி எண் இல்லை, பெரிய தீ சின்னத் தீ படம் மட்டும் உண்டு. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி வாங்கிப் போட்டதும்தான் சின்னத் தீயிலேயே 200 தாண்டுவது தெரிந்தது. வெப்பம் முழுக்கக் கீழிருந்து வருவதால் அடித்தட்டில் ஒரு காலித் தட்டைத் தடுப்பாக வைத்து, கேக்கை அதற்கு ஒரு படி மேலே ஏற்றி, கதவில் மடித்த துணியைச் செருகிக் கொஞ்சம் திறந்து வைத்து ஒருவழியாக 180ஐ ஒட்டிக் கொண்டுவந்தேன். திறந்த கதவோடு ஓவனை விட்டு நகர முடியாது என்பதால் முழு நேரமும் அங்கேயே நின்றேன். 25 நிமிடத்தில் மேல் தூள் நிறம் மாறிவிட்டது, உடனே அலுமினியத் தாள் மூடினேன். வால்நட் பொன்னிறத்திலிருந்து கசப்புக்குப் போக இரண்டு மூன்று நிமிடம் போதும். வெந்ததா என்று பார்க்க நடுவில் குச்சி குத்தினால் சர்க்கரை ஒட்டும், அது குழப்பும். அதற்குப் பதில் நடுத்துண்டு ஒன்றை முள்கரண்டியால் லேசாக விலக்கிப் பாருங்கள், பச்சை மாவு நூலிழுக்கக் கூடாது. இறைச்சிக்கு வைக்கிற வெப்பமானி இருந்தால் நடுவில் 90 டிகிரி காட்ட வேண்டும்.

வெந்துகொண்டிருக்கும்போதே சாஸ். இதை வனிலியாஷோடோ என்பார்கள். அரை லிட்டர் பால், 4 மஞ்சள் கரு, 7 டெகா சர்க்கரை, ஒன்றரை டெகா சோள மாவு, பாதி வெனிலா காய். கருவையும் சர்க்கரையையும் சோள மாவையும் குழைத்து, சூடான பாலை மெல்ல ஊற்றி, அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முட்டை திரிந்துவிடும் என்று பயந்து கொதிக்க விடாமல் இறக்குகிறவர்கள் உண்டு. சோள மாவு சேர்ந்தால் அந்தப் பயம் வேண்டாம், நான்கைந்து கொப்புளம் வரும்வரை விடத்தான் வேண்டும். மஞ்சள் கருவில் மாவுச்சத்தை உடைக்கிற நொதி ஒன்று இருக்கிறது, போதிய சூட்டில் அதை அடக்காவிட்டால் கெட்டியான சாஸ் ஒரு மணி நேரத்தில் தண்ணீராக நீர்த்துப்போகும். கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக நின்றால் போதும், கஸ்டர்ட் புட்டிங் அளவுக்கு இறுக வேண்டாம், ஊற்ற வரவேண்டும். மொத்தக் கேக்கின் மேலும் கவிழ்க்காமல் அவரவர் தட்டில் பக்கத்தில் ஊற்றிக்கொள்வது நல்லது, தூள் மொறுமொறுப்போடு ஒரு வாய், சாஸில் ஊறி ஒரு வாய் என்று இரண்டும் கிடைக்கும்.

ஊரில் செய்து பார்க்கிறவர்களுக்கு: சாதாரண மைதா போதும், பால் மட்டும் 20 மில்லி குறைத்து ஆரம்பியுங்கள். பச்சை ஈஸ்ட்டுக்குப் பதில் உலர்ந்த இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, 8 கிராம், அதை மாவிலேயே நேராகக் கலக்கலாம். சென்னை வெயிலில் முதல் பொங்கலுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தால் புளித்துவிடும், இரட்டிப்பானதும் எடுத்துவிடுங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். காஷ்மீர் வால்நட்டும் குளிர்காலத்தை ஒட்டித்தான் புதுசாக வரும், அப்போது செய்வது உசிதம்.

டின்னிலிருந்து பத்து நிமிடம் கழித்துக் கவிழ்க்க வேண்டும், அதற்கு மேல் விட்டால் அடியில் கரைந்த கொஞ்சச் சர்க்கரை இறுகிப் பிடித்துக்கொள்ளும். மிச்சமானதை மறுநாள் மைக்ரோவேவில் சூடாக்கினால் தூள் நமத்துப்போகிறது. தாள் மூடி 150 டிகிரி ஓவனில் பத்து நிமிடம், கடைசி இரண்டு நிமிடம் தாளை எடுத்துவிட்டு வைத்தால் ஏறக்குறைய புதுசு மாதிரியே வரும். சாஸ் ஃபிரிட்ஜில் இரண்டு நாள், அதற்கு மேல் நான் வைப்பதில்லை. மாவுக்கும் சாஸுக்கும் சேர்த்து ஏழு வெள்ளைக் கரு மிஞ்சும், கொட்டிவிடாதீர்கள், சர்க்கரை சேர்த்து நன்றாக நுரைக்க அடித்து 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் உலர வைத்தால் மெரிங்கு என்கிற மொறுமொறு இனிப்பு ஆகிவிடும்.